‘அளவு’ என்று கூப்பிட்டால்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சிரிப்பு அடங்காது ஐயா. நடுவில் சிரித்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நாங்கள் இருவர். தலைவர், என் மனைவியின் அண்ணன். நோயாளியின் எடையைக் கொடுத்தால் வலிமருந்து எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்லும் ‘அளவு’ என்ற புரோகிராமைச் சேர்ந்துதான் எழுதினோம். பாராட்டு விழாவில் மச்சான் மைக்கைப் பிடித்து, “மாப்பிள்ளையும் கூடமாட ஒத்தாசையா இருந்தார்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வார்டுக் கணினி ‘அளவு’ என்று பெயரை மட்டும் சொல்லித்தான் கூப்பிடும். ஒரு பட்டியலின்படி ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடி, அந்தப் பெயரில் முதலில் அகப்படுவதை ஓட்டிவிடும். நீ யார், எவர் என்று விசாரிக்காது. அதனால் முதல் ஃபோல்டரிலேயே அதே பெயரில் நான் ஒன்றை எழுதி வைத்தேன். அது பழையதைக் கேட்டு, வந்த விடையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். மச்சான் திணறிப்போய் என்னிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நோயாளிகள் அளவுக்கு மீறித் தூங்குகிறார்கள் என்று நர்ஸ்கள் சொல்ல, மச்சான் தன் புரோகிராமை வரிவரியாகப் புரட்டினார்.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு, மாப்பிள்ளை?”

“சரியாத்தான் இருக்கு, மச்சான்.”

பொய்யே இல்லை. கழிப்பறைக்குப் போய்க் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வாரம் மூன்று பேர் கண் விழிக்கவில்லை. நோய் முற்றியவர்கள் என்றார்கள்.

ஏழாம் நாள் என் மனைவிக்குக் குடல்வால் அறுவை. “அண்ணன் எழுதினதுதானே, எனக்கென்ன பயம்” என்றாள்.

“நானும்தான் எழுதினேன்” என்றேன்.

என்னுடையதை அழிக்க அரை நிமிடம் போதும். ஆனால் அவள் வந்த நேரம் பார்த்து எல்லாம் சரியானால் மச்சானுக்குச் சந்தேகம் வராதா? விட்டுவிட்டேன். மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை.

தங்கையின் காரியங்களை முடித்துவிட்டு வந்த மச்சான் ஒரே ஒரு வரி சேர்த்தார்: கூப்பிடும் முன், ‘அளவு’ எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தேடிச் சொல். திரையில் அந்த முதல் ஃபோல்டரின் முழு முகவரியும் வந்தது.

“இத யாரு எழுதினது?” என்றார்.

“நான்தான், மச்சான். முழுக்க நான் மட்டும்.” துள்ளிக் குதிக்காத குறைதான்.

நான்கு கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். அது அநியாயம், ஐயா. மனைவியை ஒப்புக்கொள்கிறேன். மற்ற மூன்று பேரை எனக்கு யாரென்றே தெரியாது.