உள்ளே இருக்கிறவர்

“ஹலோ... ஹலோ, தையல்காரம்மாவா?... நான்தாம்மா, கீழ் வீட்டு டிரைவர்... ஆமா, ஆமா, அதே டிரைவர்தான். வச்சுடாதீங்க... உங்க மெஷின் சத்தத்தைப் பத்தி இல்லம்மா. அந்தச் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்...”

அவசரப் பிரிவில், திரை மறைத்த கட்டிலில், மார்பெல்லாம் ஒயர்களோடு கிடந்தார் அந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மருந்துக் கடை வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை யாரோ புண்ணியவான்கள் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று டாக்டரிலிருந்து கட்டில் தள்ளுகிறவர் வரை கேட்டாயிற்று. யாரும் இல்லை. தையல் மெஷின் சத்தத்துக்காக மாடி வீட்டுக்காரியோடு மல்லுக்கு நின்று, அன்றிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன். இன்றைக்கு அவள் காலில் விழாத குறை.

“ஆஸ்பத்திரியில... நெஞ்சு வலி... என்னை விடுங்கம்மா. வீட்டுல என் சம்சாரம் தனியா இருக்கா. அடுப்புல வெந்நீரைப் போட்டுட்டு, இதோ வந்துடறேன்னு கிளம்பினேன்... காலையில. ஆமா, இவ்வளவு நேரமா... அவளுக்கு அணைக்கத் தெரியாதும்மா. எல்லாம் மறந்துபோச்சு... ரொம்ப நாளாவே... யார்கிட்ட சொல்றது? பாவம்னு உச்சுக் கொட்டிட்டுப் போவாங்க... சிஸ்டர், பேசாம எப்படி இருக்கிறது? கையை விடுங்க, ரெண்டே நிமிஷம்... ஹலோ, இருக்கீங்களா?... இறங்கிட்டீங்களா? நல்லா இருப்பீங்க.”

தலைமாட்டு மெஷின் வேகமாகக் கூவத் தொடங்கியது. நர்ஸ் முறைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“தட்டாதீங்க, பயந்துடுவா... உள்தாழ்ப்பாள் போட்டிருப்பா. நான்தான் பழக்கினேன். யார் வந்தாலும் திறக்காதே, என் குரல் கேட்டா மட்டும் திறன்னு தினமும் சொல்லிச் சொல்லி... அது ஒண்ணுதாம்மா அவளுக்கு மறக்கல... கருகுற வாசனையா?... கேஸ் வாசனை இல்லையே?... உடைக்கிறதா? இரும்புக் கதவும்மா. ஆள் தேடி, உடைச்சு... ஸ்பீக்கர்ல போட்டுக் கதவோரமாப் பிடிங்க.”

நிறைந்த பஸ்ஸின் கடைசி சீட் வரை எட்டிய குரல் அது. இப்போது அதை அடிவயிற்றிலிருந்து தேடி எடுக்க வேண்டியிருந்தது.

“ஏய், நான்தான். வந்துட்டேன். கதவைத் திற... நான்தான், உன் வீட்டுக்காரர்... என்ன?... யாரு உள்ளே?...”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“தையல்காரம்மா, நீங்களும் கேட்டீங்களா? வீட்டுக்காரர் எப்பவோ வந்துட்டாராம். நாற்காலியில உக்காந்திருக்காராம்... இல்லம்மா, யாரும் இல்ல. யாரும் உள்ளே போயிருக்க முடியாது. நான் இங்கதான் இருக்கேன்... இங்கதானே இருக்கேன்?”

ஊசி குத்திய கையை அமுக்கிப் பார்த்துக்கொண்டார். வலித்தது. நல்லவேளை. ஆனால் உள்ளே இருப்பவன் நானில்லை என்று வாதாடி ஜெயிப்பதற்குள் வீடு பற்றிக்கொள்ளும்.

“சரி... சரிங்க. நான் உங்க வீட்டுக்காரர் இல்லைங்க. தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன். மாடி வீட்டம்மா வந்திருக்காங்க, திறக்கலாமான்னு... கேளுங்க, நான் லைன்லயே இருக்கேன்... என்ன சொன்னார்?... திறக்கச் சொன்னாரா? நல்ல மனுஷன்.”

நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளை அவர் நீங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

“அடுப்பு, அடுப்பை முதல்ல... அணைச்சாச்சா?... அவ கையில சூடு கீடு படலையே?... சரி, சரி... இனிமே விடிய விடிய மெஷின் ஓட்டுங்கம்மா, நான் வாயே திறக்க மாட்டேன்... நாற்காலியிலயா? யாரும் இல்லதானே?... தெரியும். சும்மா கேட்டேன்... இதோ சிஸ்டர், கையெழுத்து நானே போடறேன், வேற யாரு இருக்கா... தையல்காரம்மா, போனை அவகிட்ட குடுங்க. என்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோறாங்களாம்.”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஹலோ... ஆமாங்க, கதவுகிட்டப் பேசினவன்தான்... ஆஸ்பத்திரியில இருக்கேங்க. கொஞ்சம் நெஞ்சு வலி... என்கூடவா? யாரும் இல்லைங்க... பயமா? பயமாத்தான் இருக்கு... ஐயோ வேண்டாங்க, அவரை இங்க அனுப்பாதீங்க... எனக்குப் பரவாயில்லைங்க. சொன்னாக் கேளுங்க, அவர் அங்கேயே இருக்கட்டும், உங்ககூடவே... என்ன?... கிளம்பிட்டாரா?... ஹலோ?... ஹலோ?...”

லைன் அறுந்துவிட்டது. கட்டிலின் சக்கரப் பூட்டை நர்ஸ் காலால் தள்ளி விடுவித்தாள். டிரைவர் திரைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

“கொஞ்சம் இருங்க சிஸ்டர். எனக்கு ஒருத்தர் வர்றார்.”