சுத்தமான புரதம்

வாய்ங்கறது வாசக்கதவு மாதிரி, யார் யாரை உள்ள விடணும்னு... என்னமோ சொல்வீங்களே மாமா, மிச்சம் மறந்துபோச்சு. ம்ஹூம், பேசாதீங்க, பேசாதீங்க. ஈறைக் கிழிச்சுத் திறந்து வெச்சிருக்கேன். வலிச்சா இடது கையைத் தூக்குங்க, போதும். வலிக்கலையா? நல்லது. அப்படியே மேல பாத்துட்டு இருங்க. என் முகத்தைப் பாக்க வேணாம்.

சிஸ்டர், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. கூப்பிடறேன்.

முன்பல்லோட வேர் இப்ப பளிச்சுனு இருக்கு மாமா. ஒட்டிக்கிடந்த காரையெல்லாம் சுரண்டியாச்சு. ஆனா சுத்தியிருந்த எலும்பு பாதிக்கு மேல கரைஞ்சுபோச்சு. வெறுமனே தைச்சு மூடினா பல்லு நிக்கறது சந்தேகம். அதுக்குத்தான் இந்த ஜெல். பல்லு உருவாகறப்ப எனாமலைக் கட்டற புரதம் இது. வேர்மேல தடவினா, நாம இப்பத்தான் புதுசா முளைக்கறோம்னு அது நம்பிடுமாம். நம்பி, பல்லைப் பிடிச்சு நிக்கற நாரையும் எலும்பையும் திரும்ப வரவழைக்கும். ஒருவிதத்துல வேர்கிட்ட பொய் சொல்றதுதான்.

சிரிக்காதீங்க, உதடு அசையுது.

அன்னிக்கு வீட்ல கேட்டீங்களே, இதுல ஒண்ணும் கலக்கலையே மாப்பிள்ளைன்னு. பிஸ்கட் வாங்கினாக்கூட நீங்க அதைத்தான் கேப்பீங்க. உங்க தலையைக் கண்டாலே, முட்டை இல்லீங்க ஐயான்னு கடைக்காரரு முந்திக்குவாராமே. நான் என்ன சொன்னேன்? சுத்தமான புரதம் மாமான்னேன். நீங்க பருப்புன்னு எடுத்துக்கிட்டீங்க. மறுநாளே பச்சைப்பயறு ஊறப்போட்டுட்டீங்க. மாப்பிள்ளை வெளியிலேர்ந்து தடவட்டும், நான் உள்ளேர்ந்து அனுப்பறேன்னீங்களாம். உங்க பொண்ணு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நானும் சேர்ந்து சிரிச்சேன் மாமா. அதுதான்... இருங்க, எச்சிலை உறிஞ்சிக்கறேன்.

கல்யாணமான நாள்லேர்ந்து இந்தக் குடும்பத்துல எனக்குப் பேரே பல்லுப்புடுங்கிதானே? வெச்சது நீங்கதான். போன வாரம் உங்க தம்பிகிட்ட போன்ல பேசுனீங்க. எங்க மாப்பிள்ளை பல்லுக்கு உயிர் குடுக்கறவருடா, சும்மா இல்லன்னீங்க. பக்கத்து ரூம்ல சட்டை மாட்டிக்கிட்டு நின்னேன். எல்லாம் காதுல விழுந்துச்சு. உடனே வந்து சொல்லியிருக்கணும். வாயைத் திறக்கல. வேற வழி இருக்கான்னு தேடக்கூட இல்ல. இப்ப நீங்க வாயைத் திறந்து படுத்திருக்கறப்ப, பதில் பேச முடியாத நேரமாப் பாத்து ஆரம்பிக்கிறேன். எனக்கே கேவலமாத்தான் இருக்கு.

வலிக்குதா? இல்லையா? அப்ப ஏன் கையைத்... ஓ. சீக்கிரம் சொல்லுன்னா?

உங்க பொண்ணுக்கும் தெரியாது. அவமேல கோவப்படாதீங்க.

பன்னிக்குட்டியோட பல்லு மொட்டுலேர்ந்து எடுக்கறாங்க மாமா, இதை.

வேணும்னா வலது கையைத் தூக்குங்க. வேணாம்னா இடது கை. அவசரமில்ல, நான் ரத்தத்தை ஒத்திக்கிட்டே இருக்கேன்.

மாமா?

ரெண்டு கையும் மடியிலயே இருக்கே. கண்ணையும் மூடிக்கிட்டீங்க.

சிஸ்டர், உள்ள வாங்க. ஜெல் வேணாம். தையல் ஊசி குடுங்க.