வெட்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு சொல்

– சாரின்னு சொன்னா போதாதா? ஊர் உலகமே சாரியிலதான் ஓடுது.

– போதாதுங்க. பஸ்ல காலை மிதிச்சாலும் சாரி, கூட்டத்துல தும்மினாலும் சாரி. நாளைக்கு என்கொயரியில அதைக் கேட்டா தமிழ் தெரியாத உங்க மேனேஜர் தலையை ஆட்டிட்டு உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. அஷேம்ட். எங்க, சொல்லுங்க.

– அசேம்.

– கடைசியில ஒரு 'ட்' இருக்கு. அஷேம்ட்.

– அஷேம்ட். யப்பா! டீச்சரம்மா, இந்த வயசுல என் நாக்கைச் சுளுக்க வைக்காத. இதுக்கு அர்த்தம்தான் என்ன?

– வெட்கமா இருக்குன்னு அர்த்தம்.

– வெட்கமா? எனக்கா? நம்ம கல்யாண போட்டோவுல நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறியே, அந்த வெட்கமா?

– அது ஷை. கூச்சம். கூச்சப்படறவங்க ஒரு தப்பும் பண்ணியிருக்க வேண்டாம். இது வேற. தப்பு பண்ணினது நாமதான்னு தெரிஞ்சு, எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சியைப் பார்க்க முடியாமப் போகுது பாருங்க, அது.

– நான் எல்லார் மூஞ்சியையும் பார்ப்பேனே. சும்மா சொல்லக்கூடாது, ஒரே ஒரு அறை. அதுக்குப் போய் என்னைக் குடோனுக்குள்ளயே விடாம வெச்சிருக்கானுங்க.

– அந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்குக் காது இன்னும் இரையுதாமே.

– எதிர்த்துப் பேசினான், வாங்கினான். சூப்பர்வைசர்னு ஒரு மட்டு மரியாதை வேணாமா? கோவம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

– அதை அங்க போய் இங்கிலீஷ்ல சொல்லுங்க, வேலை போயிடும்.

– சரி சரி, முழுசாச் சொல்லிக்குடு.

– ஐ ஆம் அஷேம்ட் ஆஃப் வாட் ஐ டிட்.

– நடுவுல அந்த ஆஃப் எதுக்கு?

– எதை நினைச்சு வெட்கப்படறோமோ, அது ஆஃபுக்குப் பின்னாடி வரும். நான் செஞ்சதை நினைச்சு.

– அவன் பேசினதை நினைச்சுன்னு போடக்கூடாதா?

– கூடாது.

– ஐ ஆம் அஷேம்ட் ஆஃப் வாட் ஐ டிட். எப்படி? சும்மா சொல்லக்கூடாது, சொல்லும்போது ஒரு கெத்தாத்தான் இருக்கு.

– சிரிக்காம சொல்லுங்க. இன்னொரு தடவை.

– அதான் சொன்னேன்ல! ஒரு தடவை சொன்னா பத்தாதா?

– மேசையைத் தட்டாதீங்க. பாப்பா கதவுகிட்ட வந்து நிக்கறா பாருங்க.

– உள்ள போ கண்ணு. ஒண்ணுமில்ல, அப்பா பாடம் படிக்கறேன். ஏன் அப்படி முழிக்கறா?

– சத்தம் கேட்டா அப்படித்தான் வந்து நிப்பா.

– ம். ஆமா, நீ மருந்துக்கடையில மாத்திரை எடுத்துக் குடுக்கறவ. அங்க இந்த வார்த்தைக்கு என்ன வேலை? எங்க கத்துக்கிட்ட?

– ஆஸ்பத்திரியில.

– எப்ப?

– போன மழைக்காலத்துல. கண்ணு வீங்கிப்போய் நான் ஒத்தையில போனேனே.

– அன்னைக்கா? அங்க யாரு சொல்லிக்குடுத்தா?

– கதவுல இடிச்சுக்கிட்டேன்னு நர்ஸம்மாகிட்ட சொன்னேன். அவங்க நம்பல. மருந்து போட்டு முடிச்சுட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'யூ டோன்ட் நீட் டு பி அஷேம்ட்'னாங்க. எனக்குப் புரியல. தேங்க்யூன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து பாப்பாவோட டிக்ஷனரியைப் புரட்டிப் பார்த்தேன்.

– அதை எதுக்கு இப்பக் கிளறுற?

– நீங்க கேட்டீங்க, சொல்றேன். கடைக்கு வந்தவங்க ஒவ்வொருத்தரும் கண்ணுக்கு என்னன்னாங்க. கதவு, கதவுன்னே சொன்னேன். நிமிர்ந்து பார்த்து மருந்து எடுத்துக் குடுக்க முடியல. நீங்க பாட்டுக்குத் தலையைச் சீவிக்கிட்டு வேலைக்குப் போயிட்டு வந்தீங்க. செஞ்சது நீங்க, மூஞ்சியை மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சது நான்.

– அன்னைக்கே சொல்லணும்னு நினைச்சேம்மா. வாய் வரல.

– முந்தின தடவையும் வரல. அதுக்கு முந்தியும் வரல. தமிழ்லயே வரல.

– இப்பச் சொல்றேன். கொஞ்சம் என்னைப் பாரேன். ஐ ஆம்... ஐ ஆம் அஷேம்ட் ஆஃப் வாட் ஐ டிட். சரியா வந்துச்சா?

– உச்சரிப்பு சரியா இருக்கு. நாளைக்கு இப்படியே சொல்லுங்க, வேலை நிலைக்கும். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கேன். நீங்க திரும்பி வர்றப்ப நானும் பாப்பாவும் எங்க அக்கா வீட்ல இருப்போம்.