திரைக்கு வராத அருவி

சார், முதலில் ஒரு சின்னத் திருத்தம். கம்ப்யூட்டரில் படத்தை வரவழைத்தது சேலத்து என்ஜினீயர் என்று உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறதாம். அவர் வந்தது மறுநாள். வரவழைத்தது நான். பச்சியப்பன், ஹெட் கிளார்க், பத்தொன்பது வருஷ சர்வீஸ்.

அதியமான்கோட்டையில் எங்கள் மாங்கூழ் கம்பெனி உங்களுக்குத் தெரியும். இந்த எண்பத்தொன்பதாம் வருஷம் முதலாளி குப்புராஜ் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குத் தனி ரூம், ஏ.சி. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். மாரியம்மன் கோயிலில்கூட நான் அவ்வளவு பயபக்தியோடு நின்றதில்லை. அதை இயக்க ஏரியூரிலிருந்து ராஜமேரி என்ற பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது. சேலத்தில் ஆறு மாசம் படித்தவளாம்.

மெஷினைப் போட்டதும் திரையில் ஒகேனக்கல் அருவியும் அதன்மேல் கம்பெனி பெயரும் நிற்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. அசல் அருவிக்கு இங்கிருந்து பஸ்ஸே போகிறது, ஆனாலும் ஆசை. ராஜமேரி மூன்று வாரம் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தாள். அந்தத் திரைக்குப் பச்சையைத் தவிர வேறு நிறம் தெரியாது. பச்சைத் தண்ணீர், பச்சைப் பாறை. ஆபீஸே கைதட்டியது. நானும் தட்டினேன்.

நல்ல பெண், சார். ‘நீங்களும் கத்துக்கங்கண்ணா’ என்று பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். மெஷின் எழுந்ததும் செய்ய வேண்டியதெல்லாம் உள்ளே ஒரு பட்டியலாக இருக்கிறது, அதில் ஒரு வரிதான் படத்தைக் கூப்பிடுகிறது என்று காட்டினாள். தெளிவாகச் சொல்லிக்கொடுப்பாள். ஒரு திங்கட்கிழமை அந்த வரியை அழித்தேன்.

படம் வரவில்லை. கறுப்பில் எழுத்து மட்டும் நின்றது. ஒயரைப் பிடுங்கிச் சொருகினார்கள். ஏ.சி.யைக் கூட்டினார்கள். டைப்பிஸ்ட் மிக்கேலம்மாள் சிலுவை போட்டுவிட்டு ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்தாள். கடைசியில் முதலாளி, ‘பச்சியப்பா, நீ என்னான்னு பாருய்யா’ என்றார். அந்த ரூமில் என் பெயர் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று நாள் பார்த்தேன். பார்ப்பதுபோல் இருப்பதும் வேலைதான், உங்களுக்குத் தெரியாததா.

வியாழக்கிழமை பகலில் ராஜமேரி கண்டுபிடித்து, வரியைத் திரும்ப எழுதிவிட்டாள். ‘தானா அழியாதுங்கண்ணா. யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க. ஐயா வரட்டும், சொல்லிடறேன்’ என்றாள்.

ஐயா நாலு மணிக்குப் பெங்களூரிலிருந்து வெளிநாட்டுக்காரர்களை அழைத்து வருவதாக இருந்தது. அந்த மெஷின் தெரிந்தவர்கள் ஆபீஸில் இரண்டே பேர். இரண்டிலிருந்து ஒன்றைக் கழிக்க முதலாளிக்கு விரல்கூட வேண்டாம்.

அவள் டிபன் பாக்ஸ் கழுவப் போனாள். திரைப்பெட்டியின் பின்னால், அடியில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் குமிழ் உண்டு. பெட்டியை இறக்கிய அன்று, மூத்தவர் என்று எனக்கு மட்டும் காட்டினார்கள். அதைத் திருகிவைத்தேன். வந்து மெஷினைப் போட்டாள். திரை முழு இருட்டு. முன்பக்கத்துக் குமிழ்களையெல்லாம் திருகிப் பார்த்தாள். இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. அந்த மாசம் தினமும் இரண்டுக்குப் போகும், மூன்றுக்கு வரும். நம் ஜில்லாவில் நேரத்துக்கு வருவது அது ஒன்றுதான்.

‘உள்ள ஏதாவது ஒயர் விட்டிருக்கும்மா. கழட்டிப் பாத்துடலாம்’ என்றேன். ஸ்க்ரூடிரைவர் தேட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டே முக்கால் வரை பிடித்தது.

மூடியைக் கழற்றிவிட்டு, கையை உள்ளே விடுமுன் கேட்டாள்.

‘பிளக்கைப் புடுங்கிட்டீங்களாண்ணா?’

பிளக் என் முழங்காலுக்குப் பக்கத்தில், சுவரில்தான் இருந்தது.

‘புடுங்கிட்டேம்மா’ என்றேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது.

அவளை ஜீப்பில் ஏற்றி தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு, மூடியை மாட்டிக் குமிழைத் திருப்பினேன். அருவி வந்தது. முதலாளி இறங்கியதும் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார். இல்லை என்றேன். வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துத் தலையாட்டினார்கள். அவள் வழியிலேயே போய்விட்டாள் என்று அதற்குப் பிறகுதான் தகவல் வந்தது.

அவளுடைய அப்பா சவரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ‘கடைசி வரைக்கும் புள்ளகூட இருந்தீங்களே’ என்று அழுதார். நானும் அழுதேன். நடிப்பில்லை.

கொன்றது நான்தான், சார். ஆனால் ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவளிடம் நான் வாய்விட்டுச் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அதுவும் அந்தப் பெண் பயந்துவிடக் கூடாதே என்றுதான்.