ஓட்டறவ போடற பாட்டு

கென்சி: சீட் பெல்ட்டைப் போடு. கதவை மெதுவா சாத்து... மெதுவான்னேன்ல! என்ன கண்றாவிப் படம்டி அது? பள்ளிக்கூடமே பயந்து நடுங்குச்சாம். எனக்குத் தூக்கம்தான் வந்துச்சு.

ரூதி: அப்புறம் ஏன் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தே?

கென்சி: நாற்காலி சாயுது, அதான்.

ரூதி: கென்சி, நாளைக்குக் காலையில...

கென்சி: ஏழேகால். ரெண்டு தடவை ஹார்ன் அடிப்பேன், மூணாவது கிடையாது. இதென்ன புதுசா? படத்துல அந்தப் பையனைப் பாத்தியா? பதினொண்ணாம் வகுப்பாம்! முன்மண்டை பாதி காலி. புள்ளையப் பள்ளிக்கூடத்துல விட வந்த அப்பன் மாதிரி இருக்கான்.

ரூதி: பேய் மட்டும் என்ன... மணி அடிச்சா வகுப்புக்குப் போகுது. செத்தும் அட்டெண்டன்ஸ்.

கென்சி: அதுவும் பள்ளிக்கூட லாக்கருக்குள்ள குடியிருக்கு! என் லாக்கர்ல ஒரு கோட்டு மாட்ட இடமில்ல. ஊரையே கொன்னுட்டு, கடைசியில ஹீரோயின் ஒரு தடவை கட்டிப்பிடிச்சா பேய் புகையா போயிடுமாம். அவ்வளவுதானாடி?

ரூதி: பாட்டை மாத்தட்டுமா?

கென்சி: கையை எடு. ஓட்டறவதான் பாட்டு போடுவா. சட்டம்.

ரூதி: யாரு போட்ட சட்டம்?

கென்சி: ஓட்டறவ. இந்தா, கேரமல் மிட்டாய்... ஏய், அந்தப் பக்கம் மெல்லாதே! செவ்வாய்க்கிழமைதானே பல்லைப் புடுங்கினாங்க?

ரூதி: ஆ... ஆமா. மறந்துட்டேன்.

கென்சி: எந்தப் பக்கம்?

ரூதி: இடது... இல்ல, வலது.

கென்சி: பல்லோட மூளையையும் சேத்துப் புடுங்கிட்டாங்களா?

ரூதி: அதை விடு. வண்டி ஏன் இவ்வளவு சுத்தமா இருக்கு? காலடியில கிடந்த உன் சாக்ஸ் எங்க? பின்சீட்டுல ஒரு உருளைக்கிழங்கு வறுவல் இருக்குமே... நம்ம கூடவே வளர்ந்தது?

கென்சி: கூட்டிப் பெருக்கினேன். தப்பா?

ரூதி: நீயா!... சரி, ஏன் தண்ணித் தொட்டியைச் சுத்திப் போறே? என் வீடு அந்தப் பக்கம்.

கென்சி: சோளம் அறுத்துட்டாங்களான்னு பாக்கணும்.

ரூதி: உனக்கெதுக்குடி சோளம்?

கென்சி: சோளக்காடு நிறைஞ்ச இந்தியானாவுல பொறந்தவளுக்கு சோளத்து மேல அக்கறை இருக்கக் கூடாதா?

ரூதி: ...கென்சி. படத்துல அந்த ரெண்டு பொண்ணுங்களைப் பாத்து உனக்கு ஒண்ணுமே தோணலையா?

கென்சி: தோணாம என்ன? ஹீரோயின் பாவம். என்ன உடுத்தணும், யார் கூட சாப்பிடணும்... எல்லாத்தையும் அந்தத் தோழியே சொல்லுவாளாம். செத்துப் பேயானப்புறமும் விடலையே! நானா இருந்தா ஒரு நாள் பொறுத்திருக்க மாட்டேன்.

ரூதி: நான் போட்டிருக்கற குளிர் ஜாக்கெட்டை யாரு எடுக்கச் சொன்னது?

கென்சி: நான்தான். பச்சை உனக்கு எடுக்கும். எடுத்திருக்கா இல்லையா?

ரூதி: பாப்கார்ன்ல வெண்ணெய் வேணாம்னேன்.

கென்சி: வெண்ணெய் இல்லாத பாப்கார்ன் தெர்மாகோல்டி.

ரூதி: வெள்ளிக்கிழமை பேண்டு வாத்தியப் பசங்களோட சாப்பிட உக்காந்தேன். தட்டோட தூக்கிட்டு வந்தே என்னை.

கென்சி: அந்த ட்ரம்பெட்காரன் ஸ்ட்ராவையும் ஊதிப் பாக்கறான்டி! அவன் பக்கத்துல போய்... இரு. இரு இரு. ரூதி. அந்தப் பேய்...

ரூதி: ம்.

கென்சி: ...நானா?

ரூதி: நான் சொல்லல.

கென்சி: அதுக்குத்தான் இந்தப் படத்துக்கே போகணும்னு ஒத்தக்கால்ல நின்னியா? எனக்குக் காட்டவா?

ரூதி: காட்டினேனே! நீ ஹீரோயினுக்காக அழுதே. என் பச்சை ஜாக்கெட்ல மூக்கைத் துடைச்சே.

கென்சி: ...நான் வண்டியை ஓரம் கட்டறேன்.

ரூதி: கட்டு. காலையிலேர்ந்து சொல்லணும் சொல்லணும்னு வாயைத் திறக்கறேன், நீ விட்டாதானே? நாளையிலேர்ந்து நீ என்னைக் கூட்டிட்டுப் போக வேணாம்.

கென்சி: ...உனக்கு யாரு சொன்னா?

ரூதி: என்னது?

கென்சி: எங்கப்பாவா? உங்கம்மாகிட்ட சொல்லிட்டாரா? யாருக்கும் சொல்லாதீங்கன்னு கெஞ்சினேனே!

ரூதி: எதைடி?

கென்சி: கார் வித்தாச்சு. ஆலையில அப்பாவுக்குப் பாதி வேலைதான் இனிமே. இன்னிக்கு சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போறாங்க.

ரூதி: அதான் சாக்ஸ்...

கென்சி: அதான் சாக்ஸ். அதான் சோளம். இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிக்கலாமேன்னு.

ரூதி: ஏன்டி எங்கிட்ட சொல்லல?

கென்சி: கார் இருக்குன்னுதானே நீ எங்கூட வந்தே? அது போனா என்கிட்ட என்னடி இருக்கு? நீ அந்த ஸ்ட்ரா ஊதறவன் கூட போயிடுவே. நான் பன்னெண்டாம் வகுப்பு படிச்சுக்கிட்டு, மஞ்சள் பஸ்ல பொடிசுங்களோட முட்டி இடிக்க உக்காந்து... எனக்கு பயமா இருக்கு ரூதி. படத்தைவிட.

ரூதி: படத்துல யாருக்குமே பயம் வரலையே.

கென்சி: சிரிக்காதே! இப்ப என்னைக் கட்டிப்பிடிச்சே... நடுக்காட்டுல இறக்கி விட்டுருவேன்.

ரூதி: மாட்டேன்ப்பா. நீ புகையா போயிட்டா வண்டியை யாரு திருப்பறது?

கென்சி: ...போடி. அது சரி, நீ எதுக்கு வேணாம்னே? கார் விஷயம்தான் உனக்குத் தெரியாதே.

ரூதி: முதல்ல மூக்கைத் துடை. உன் சட்டையில.

கென்சி: சொல்லுடி!

ரூதி: செவ்வாய்க்கிழமை என் பல்லை யாரும் புடுங்கல. லைசன்ஸ் வாங்கப் போனேன். அம்மா வேனைத் தர்றாங்க... நாளைக்கு ஏழேகாலுக்கு வாசல்ல நில்லு. ரெண்டு தடவைதான் ஹார்ன் அடிப்பேன். பாட்டு நான்தான் போடுவேன்.