வராதவனின் தகப்பன்

ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுப்பதற்கு முன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும், ஐயா. சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. இதைக்கூடச் செய்யாமல் புட்டியை வாயில் திணிக்கிறவர்களைப் பண்ணையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை எனக்குப் பிடிக்காது.

என்னை எல்லாரும் அபு காயிப் என்பார்கள். இராக்கில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பிறந்தால் தகப்பனுக்குப் பிள்ளையின் பெயர். பிள்ளை இல்லாதவனுக்கு இந்தப் பெயர், வராதவனின் தகப்பன். கிண்டல் இல்லை, மரியாதைதான். ஆனால் மரியாதையை எத்தனை வருடம் காதில் வாங்குவது? என் மனைவி நஜாத் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைக்கிறேன். அவளைக் கேட்டால் வேறு காரணம் சொல்வாள்.

பண்ணையில் தாயில்லாக் குட்டிகள் என் பொறுப்பு. காலையில் பட்டியைத் திறந்தால் கத்திக்கொண்டு ஓடி வரும். காலுக்கிடையில் புகும், விரலைச் சப்பும், சட்டையைப் பிடித்து இழுக்கும். மேய்ப்பன் கலஃப் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "அபு காயிப், அத்தனையும் உன் ஜாடை" என்பான். எனக்குக் கோபம் வராது. அதைக் கேட்கவென்றே அவன் வரும் நேரம் பார்த்துப் புட்டிகளை எடுத்துக்கொண்டு போவேன். இந்த வருடம் தாயில்லாக் குட்டிகள் ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன்.

ஆடுகள் குட்டி ஈனும் பருவத்தில் டாக்டர் சுஹாத் ஆராய்ச்சிக்கு வந்தாள். நல்ல பெண். கணவன் பஸ்ராவில் வேலை, கைக்குழந்தை மைசமைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். ஆபீஸ் அறையில் தொட்டில். குட்டிக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பாள், அங்கே குழந்தை சிணுங்கினால் அப்படியே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். அந்தக் குரல் கேட்டால் எனக்கும் கை பரபரக்கும்.

அவள் ஆராய்ச்சி பசியைப் பற்றியது. வயிறு காலியானால் அதிலிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் கலந்து தலைக்குப் போய் 'தின்னு' என்று சொல்லுமாம். வயிறு நிறைந்தால் அது அடங்கிவிடுமாம். அந்தச் சொல்லை வழியிலேயே தடுக்கிற மருந்தைச் சில குட்டிகளுக்கு ஊசி போட்டு, முதுகில் பச்சை மையால் குறி வைத்தாள்.

மறுநாள் பட்டியைத் திறந்தேன். பச்சைக் குறிக் குட்டிகள் படுத்த இடத்திலிருந்து என்னைப் பார்த்தன. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டன. புட்டியை உதட்டில் வைத்தேன், வாயை இறுக்கிக்கொண்டன. கலஃப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஜாடைப் பேச்சை எடுக்காமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான்.

"என்னை அதுங்களுக்குத் தெரியலையா?" என்று அவளிடம் கேட்டேன்.

"உங்களைத் தெரிஞ்சு என்னைக்கு வந்துச்சுங்க? பசி ஓட வச்சுது, வந்துச்சுங்க. புட்டியை ஒரு கம்புல கட்டி வச்சாலும் இப்படித்தான் ஓடி வரும்."

மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே எருமைப் பாலேடு தடவிய ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். நானும் தின்றேன். அவள் சொன்ன அந்த வார்த்தைக்காகத்தான் செய்தேன் என்று கலஃப் சொல்லியிருப்பான். அதை நம்பாதீர்கள்.

காரணம் வாற்கோதுமை. ஈன்ற ஆடு ஒன்று செத்துப்போனது. டாக்டர் அதன் வயிற்றைக் கிழித்துப் பார்த்தாள், உள்ளே முழுக்க வாற்கோதுமை. நான் எந்த ஆட்டையும் அடித்ததில்லை, ஐயா. ஈன்ற ஆட்டை ஒரு நாள் பட்டினி போட்டு, மறுநாள் மூட்டையை அவிழ்த்து முன்னால் வைத்தால் அது தானாகவே தின்னும். வயிறு உப்பும். பல்லை நறநறவென்று கடிக்கும். அப்புறம் படுத்துவிடும். கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுப்பேன். குட்டி எழுந்து மடியை முட்டும்போது என் விரலைக் கொடுப்பேன். இந்த வருடம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

"எத்தனை ஆடு, அபு காயிப்?" என்றாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. மேலிடத்தில் சொல்லத்தான் போகிறேன் என்றாள். "இனிமே குட்டிங்க பக்கம் வராதீங்க. செத்த குட்டியோட தோலை இதுங்க மேல போர்த்தி, குட்டியைப் பறிகொடுத்த ஆடுங்ககிட்ட விட்டுடறேன். வாசனை ஒத்துப்போச்சுன்னா ஏத்துக்கும்."

அறுப்பதற்கு முன் தண்ணீர் காட்டுவது நம் வழக்கம். ஒரு குவளை கொடுத்தேன், குடித்தாள். கத்தியைக் கண்ணில் காட்டக் கூடாது என்பதும் வழக்கம், காட்டவில்லை. தொட்டியில் கை கழுவக் குனிந்தபோது முழங்காலை முதுகில் ஊன்றித் தாடையைப் பின்னால் தூக்கினேன். ஒரே இழுப்பு. கை நடுங்கினால்தான் வலிக்கும். கட்டைவிரலில் நீங்கள் பார்க்கிற காயம் அவள் பல் பட்டது. குதிகால்கள் கொஞ்ச நேரம் மண்ணை உழுதன. அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போகிறவன் இல்லை நான்.

அப்போதுதான் மைசம் அழுதாள்.

டாக்டர் சொன்ன அந்தத் தோல் யோசனைதான். அவளுடைய வெள்ளைக் கோட்டைக் கழற்றி நான் போட்டுக்கொண்டேன். முன்பக்கம் ஈரமாக இருந்தது, ஆனால் தோளில் அவள் வாசனை அப்படியே இருந்தது. குட்டிப் புட்டியில் பாலை ஊற்றிச் சுடவைத்து, கையைக் கழுவிவிட்டுத்தான் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். தூக்கியதும் மைசம் கோட்டில் மூக்கை வைத்துத் தேடினாள். ரப்பர் காம்பு அவள் வாய்க்குப் பெரிது. இருந்தாலும் பிடித்துக்கொண்டாள். ஐயா, அவள் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குடித்தாள். என் வாழ்நாளில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை.

கலஃப் வாசலில் வந்து நின்றான். "சத்தம் போடாத, குடிக்கிறா" என்றேன். அவன் ஓடிப்போய்த்தான் உங்களுக்குச் சொன்னான்.

உங்கள் ஆட்கள் வந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள் என்கிறீர்கள். வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வாக்குமூலத்தின் மேலே அபு காயிப் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிட்டு அபு மைசம் என்று எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் இன்றைக்கு அவளுக்குப் பால் கொடுக்காமல் வைத்திருங்கள். நாளைக் காலையில் கொண்டுவந்து என் மடியில் விடுங்கள். யார் விரலைத் தேடுகிறாள் என்று நீங்களே பாருங்கள்.