எல்லா லிங்க்கும் தாயார் சன்னதிக்கு

— என்ன சார் இது, திடீர்னு கீ கீன்னு கத்தறது?

— கரண்ட் போச்சும்மா பூமா. யுபிஎஸ் கத்துது, கொஞ்ச நேரம்தான் தாங்கும். நீ செஞ்ச கோயில் வெப் பக்கத்தைச் சீக்கிரமா ஃப்ளாப்பியில ஏத்து.

— ஒரு தரம் பார்த்துடறேன், லோகேஸ்வரன் சார். மத்தியானம் மெட்ராஸ் கம்பெனியில இதைக் காட்டினாத்தான் வேலை. அட, 'பெருமாள்' லிங்க்கை அழுத்தினா தாயார் பக்கம் வரது.

— இன்னொரு வாட்டி அழுத்து.

— தாயார்தான். 'உற்சவம்' அழுத்தினாலும் தாயார். 'மடப்பள்ளி'க்கும் தாயார். நேத்து சரியா இருந்துதே.

— நோட்பேட்ல தொற. லிங்க் எங்க போவணும்னு எழுதற எச்ரெஃப்ல இன்னா இருக்குதுன்னு பாரு.

— எல்லாத்துலயும் தாயார் டாட் எச்டிஎம்எல். தாயார் பக்கத்துல மட்டும் மத்த பக்கத்துக்கெல்லாம் வழி இருக்கு. வைரஸா சார்?

— வைரஸுக்கு ஏதும்மா இவ்ளோ பக்தி? நேத்து நீ போனப்புறம் உங்க அப்பாதான் இங்க குந்திக்கினு இருந்தாரு.

— அப்பாவா? வேலைன்னு சொன்னாலே எழுந்து போயிடறவர், இங்க எதுக்கு வந்தார்?

— பொண்ணு செஞ்சதைக் காட்டுன்னாரு. லிங்க் எப்படிப் போடறதுன்னு கேட்டாரு. ஒண்ணு போட்டுக் காட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

— நான் போகக்கூடாதுன்னே கெடுத்திருக்கார் சார்.

— அழுவாதம்மா, மாத்திடலாம். தோ, அவரே வராரு. வாங்க சார்.

— மாத்தாதே பூமா. தாயாரைச் சேவிக்காம நேரா பெருமாள்கிட்ட போக வழி வெச்சிருந்தியே, நம்மாத்துப் பொண்ணு பண்ற காரியமா?

— இது கம்ப்யூட்டர்ப்பா. யார் வேணா எங்க வேணா போலாம்.

— போலாம். போய் நின்னா காரியம் ஆகுமா? தாயார் எடுத்துச் சொன்னாத்தானே அவர் காதுல விழும். நீயும் வேலைக்குப் போறேன்னு நேரா என்கிட்டதானே வந்தே?

— நீங்கதான் பதிலே சொல்லலையே.

— அம்மாவை ஒரு வார்த்தை கேட்டியா?

— அம்மாவையா? எனக்கு ஒண்ணும் புரியலைப்பா. நீங்க சொல்றதைத்தானே அம்மா கேப்பா?

— சார், மெஷின் நிக்கப்போவுது. பழையபடி மாத்தறதா, இப்படியே ஏத்தறதா?

— இப்படியே ஏத்திக் குடுங்கோ, லோகேஸ்வரன்.

— அப்பா, அப்போ நான் போலாமா?

— அம்மாவை நீ கேக்கலை, நான் கேட்டேன். உன்னோட மெட்ராஸ் வரேன்னு, தயிர்சாதம் கட்டிண்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கறா.